கச்சான் ஓஞ்சு வாடை வர முன்னம்: வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும்

வெள்ளி, வாழைச்சேனை

ஒக்டோபர் வந்தா எனக்கு ஒரு பதட்டம் வரும், இலங்கையின்ட கிழக்குக் கரையில பிறந்த கனபேருக்கு வரும் எண்டுதான் நினைக்கிறன். மழை இன்னும் பிடிக்கல்ல, வெக்கை குறையல்ல, காத்து எண்டா ஒண்டுமே இல்ல. மே மாசத்தில இருந்து மேற்கால அடிச்ச கச்சான் காத்து செப்டெம்பரோட களைச்சுப் போகும், வடகிழக்கு வாடைக் காத்து ஒழுங்காப் பிடிக்க டிசம்பர் ஆகும், இடையில கிடக்கிற இந்த ரெண்டு மாசமும் யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி. அந்த மாசங்களைத்தான் இந்தமுறை கிட்டப்போய் பார்க்கணும் எண்டு வெளிக்கிட்டன். வாழைச்சேனையில தொடங்கி கரையோடயே பொத்துவில் வரைக்கும், வழியில கடலுக்குப் போறவங்க, வயல் செய்றவங்க, 1978 சூறாவளியைக் கண்ட பழைய ஆக்கள், இவங்களிட்ட காத்தைப் பத்திக் கேக்கிறது, அவ்வளவுதான் திட்டம். ஒவ்வொரு நாளும் ராவையில எழுதிப் போடுறன்.

பின்னேரம் துறைமுகத்தில நிண்டன். பல நாள் போட்டுகள் வரிசையா கட்டிக் கிடக்கு, ஐஸ் ஏத்துறாங்க, வலை தைக்கிறாங்க. அங்க ஒரு பழைய தண்டல், போட்டு ஓட்டினவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், இப்ப கடலுக்குப் போறல்ல, மகன்மார் போறாங்க. காத்தைப் பத்திக் கேட்டதும் என்னைப் பக்கத்தில இருத்திட்டு கையை நீட்டி நீட்டிக் காட்டினார், வாடை இந்தா வடகிழக்கால, கொண்டல் நேரே கடலுக்கால, சோழகம் தெற்கால, கச்சான் பின்னால கரையில இருந்து. "மனே, கச்சானுக்கும் முகம் இருக்கு, வாடைக்கும் முகம் இருக்கு. ஐப்பசிக்குத்தான் முகம் இல்ல. காலம்பற ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம், ராவைக்கு செத்துக் கிடக்கும். அதைத்தான் நாங்க நம்புறல்ல."

கச்சான் ஏன் இப்பிடிச் சுடுது எண்டு சின்ன வயசில விளங்கினதே இல்ல. கொழும்பு, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் வெள்ளம் எண்டு நியூஸ் போகும், அதே நாள் இஞ்ச வயல் வெடிச்சுக் கிடக்கும், ரெண்டும் ஒரே காத்து! தென்மேற்குப் பருவக்காத்து ஈரத்தோட வந்து மலைநாட்டில ஏறும், ஏறேக்க குளிர்ந்து மழையை அந்தப் பக்கமே கொட்டிடும், பிறகு காய்ஞ்ச காத்தா எங்கட பக்கம் இறங்கும். காய்ஞ்ச காத்து ஒரு கிலோமீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 10 பாகை சூடேறும். அதான் பதுளைப் பக்க மலை தாண்டி வாற காத்து மட்டக்களப்பில நெருப்பா அடிக்குது. வைகாசியில கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுறதும் இந்தச் சூட்டுக்குள்ளதான், அந்தப் பாட்டைக் கேக்கேக்க ஊரே உண்மையா குளிர்ச்சி கேக்கிற மாதிரி இருக்கும்.

கச்சான் கரையில இருந்து கடலுக்கு அடிக்கிறதால கிட்டக் கடல் தட்டையாக் கிடக்கும், கரைவலைக்கு நல்லம், சின்னப் போட்டுக்கு நல்லம், மேற்குக் கரையில கடல் கொந்தளிக்கிற அந்த மாசங்களில அங்கத்தய ஆக்கள் இஞ்ச வந்து வாடி (கரையில மீன்பிடிக் குடில்) போடுறதும் அதனாலதான். ஆனா எஞ்சின் நிண்டா அதே கச்சான் போட்டை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். வாடையில எல்லாம் எதிர், அலை கரைக்கு வரும், எஞ்சின் நிண்டாலும் கரைக்குத்தான் கொண்டு வரும், ஆனா கரைக்கு வாற இடத்திலதான் போட்டு உடையும் எண்டு தண்டல் சொன்னார்.

சனி, பாசிக்குடா

இண்டைக்குக் கனக்க எழுத இல்ல. கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு, இடுப்புத் தண்ணியில கனதூரம் நடக்கலாம், தண்ணி வெதுவெதுண்டு இருக்கு, பிள்ளைகள் கத்திக்கொண்டு குளிக்குதுகள். எல்லாரும் அமைதியான கடல் எண்டு சந்தோசப்படுறாங்க, நான் அந்தச் சூட்டைத்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டன்.

சூறாவளி எழும்ப கடல் மேல்தண்ணி குறைஞ்சது 26.5 பாகையாவது இருக்கணும். வங்காள விரிகுடாவில அது பெரும்பாலும் எப்பவும் இருக்கு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி எல்லாம் கொண்டுவந்து கொட்டுற நன்னீர் மேல ஒரு படையா நிக்கும், உப்புத்தண்ணியை விடப் பாரம் குறைவு, அதால கீழ கிடக்கிற குளிர்ந்த தண்ணியோட லேசில கலக்காது. காத்து பலமா அடிச்சாத்தான் கொஞ்சமாவது கலக்கும். காத்து ஓஞ்ச மாசத்தில மேல்தண்ணி சும்மா கிடந்து சூடாகிக்கொண்டே இருக்கும்.

அப்ப கச்சான் காலத்தில, ஜூலை ஓகஸ்டில, ஏன் பெரிய சூறாவளி வாறல்ல? கடல் அப்பவும் சூடுதான். ஆனா அந்த நேரம் கீழ காத்து மேற்கால இருந்து அடிக்கும், மேல ரொம்ப உயரத்தில கிழக்கால இருந்து அடிக்கும், எழும்பப் பார்க்கிற சுழலின்ட தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுபட்டுச் சிதறிடும். இந்த இழுவை குறையிறது ரெண்டு பருவக்காத்துக்கும் இடையிலதான். ஏப்ரல் மே ஒருமுறை, ஒக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒருமுறை. ரெண்டாவதுதான் எங்களுக்கு. ஆக, கடலும் காத்தும் செத்துக் கிடக்கிற மாசம்தான் நாங்க வானத்தைப் பார்க்க வேண்டிய மாசம். தண்டல் முகமில்ல எண்டு சொன்னதும் இதுதான், நேற்றைக்கு அவர் சொல்லேக்க எனக்கு அவ்வளவு விளங்கல்ல.

பின்னேரம் நாலு மணிக்கு உள்நாட்டுப் பக்கமா இடி முழங்கி அரை மணித்தியாலம் கொட்டிட்டு விட்டுட்டு.

ஞாயிறு, மட்டக்களப்பு

காலம்பற பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போனன். 1913ல கட்டினது, 28 மீற்றர் உயரம், 78 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கட்டடம். பக்கத்திலதான் முகத்துவாரம். வாவி வடக்க ஏறாவூர்ப் பக்கம் தொடங்கி தெற்க கல்முனைப் பக்கம் வரைக்கும் கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர் நீளம், அவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போக இருக்கிற பெரிய வாய் இது, மற்றது கல்லாத்துப் பக்கம். கச்சான் காலத்தில ஆத்துத்தண்ணி குறைஞ்சு அலை கொண்டுவாற மண் வாயை அடைச்சுப்போடும். மாரி மழை தொடங்கினதும் மேல இருக்கிற வயல் எல்லாம் தண்ணியில தாளத் தொடங்கும், அப்பதான் வாயை வெட்டுற கதை வரும். வயல்காரங்க வெள்ளன வெட்டச் சொல்லுவாங்க, வாவியில மீன் இறால் பிடிக்கிறவங்க கொஞ்சம் பொறுக்கச் சொல்லுவாங்க, வெட்டினாத் தண்ணி இறங்கிடும் எண்டு. ரெண்டு பேர்ட நியாயமும் நியாயம்தான். வாடை கடலை உயர்த்தி அலையைக் கரைக்கு அடிக்கிற நாளில வாய் திறந்து கிடந்தாலும் தண்ணி இறங்கக் கஷ்டப்படும், இதை வெளியூர் ஆக்களுக்கு விளங்கப்படுத்துறது கஷ்டம், மழை விட்டிட்டே பிறகு ஏன் இன்னும் வெள்ளம் நிக்குது எண்டு கேப்பாங்க.

பகல் கல்லடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனன், கூட்டாளி ஒருத்தன்ட பெத்தா (பாட்டி) இருக்கிறா. 78ல அவவுக்கு முப்பது வயசும் ஆகல்ல. இவவோட கதைக்கிறதுக்காகவே இந்தப் பயணம் வரலாம்.

நவம்பர் 23, வியாழக்கிழமை. "அண்டைக்குப் பகலே வானம் ஒரு மாதிரித்தான் கிடந்த மனே, பின்னேரம் மழைத்தூத்தலோட வாடை பலக்கத் தொடங்கிச்சு, வாடைதானே எண்டு விளக்கைக் கொளுத்தி வச்சிட்டுச் சமைக்கிறம்." இருட்டின பிறகு காத்து வடக்கால வந்து கூரை ஓட்டை ஒவ்வொண்டா எடுத்துச்சாம், பிறகு வடக்குச் சுவர் உள்ளுக்க விழுந்துச்சாம். பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழ போட்டு மேல இவ படுத்துக் கிடந்தாவாம். பிறகு சட்டெண்டு ஒண்டுமில்ல. மழையும் இல்ல, காத்தும் இல்ல. தென்னை விழுகிற சத்தம் மட்டும் அங்கொண்டு இங்கொண்டா கேட்டுச்சாம். முடிஞ்சுது எண்டு ஆக்கள் வெளிய வந்திட்டாங்க, பக்கத்து வளவு மனிசன் மாட்டைத் தேடிப் போயிட்டார். "கொஞ்ச நேரம்தான் மனே, தெற்கால வந்திச்சு பாரு, முதல் வந்ததை விட மோசம். வடக்கால சாஞ்சு நிண்ட மரமெல்லாம் அப்பதான் புடுங்குப்பட்டுது." அந்த மனிசனைக் காலம்பறதான் கண்டெடுத்தாங்களாம். அதுக்குப் பிறகு பெத்தா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல, நானும் கேக்கல்ல.

900க்கு மேல செத்தாங்க அந்தச் சூறாவளியில. பத்து லட்சத்துக்கு மேல ஆக்கள் பாதிக்கப்பட்டாங்க, ரெண்டரை லட்சம் வீடுகள் மட்டில சேதம், மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில 90 வீதம் போச்சு, மீன்பிடிப் படகுகளில அஞ்சில ஒண்டு போச்சு. வடஇந்து சமுத்திரத்துச் சூறாவளிகளுக்குப் பேர் வைக்கத் தொடங்கினது 2004லதான், அதால இதுக்குப் பேரும் இல்ல, எங்கட ஊரில "78" எண்டா அதுதான். வயசு கேட்டாலும் சூறாவளிக்கு முந்தி பிறந்ததா பிந்திப் பிறந்ததா எண்டுதான் பழைய ஆக்கள் கணக்குப் பார்ப்பாங்க.

பெத்தா சொன்னதில ஒவ்வொரு திசையும் கணக்காப் பொருந்துது. பூமத்திய ரேகைக்கு வடக்கால சூறாவளி மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தும். அது கடலால, கிழக்கால வரேக்க நாங்க அதுக்கு மேற்குப் பக்கம் நிக்கிறம், அப்ப காத்து வடக்கால அடிக்கும். மையம் எங்களுக்கு மேலால போனா நடுவில அமைதி, பிறகு தெற்கால. மையம் எங்களுக்குத் தெற்கால போனா அமைதி வராது, காத்து வடக்கில இருந்து கிழக்குக்குத் திரும்பி பிறகு தெற்குக்குப் போகும், அந்தக் கிழக்குக் காத்துதான் கடலைத் தூக்கி ஊருக்குள்ள போடுறது. மையம் வடக்கால போனா வடக்கு, மேற்கு, தெற்கு எண்டு பின்பக்கத்தால சுத்தும், கடல் ஏறுறது குறைவு. அறிவித்தலில மையம் எங்க, வேகம் எவ்வளவு எண்டு சொல்லுவாங்க, அது முக்கியம்தான், ஆனா காத்து நிண்டா அரைவாசிதான் முடிஞ்சுது எண்டதை எத்தின வீட்டில பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறம்? எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல. பள்ளிக்கூடத்தில சூறாவளி எண்டு ஒரு பாடம் இருந்திச்சு, அமெரிக்காப் படம் போட்டு.

திங்கள், கல்முனை, காரைதீவு

பஸ்ஸில களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு தாண்டி கல்முனை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில ஊர், சில இடத்தில ரெண்டையும் ஒரே ஜன்னலால பார்க்கலாம்.

கல்முனையில ரிட்டயர் ஆன மாஸ்டர் ஒருத்தர். "சேர், 78ல இஞ்ச காத்து நிண்டதா?" எண்டு கேட்டன். இல்லையாம், அவர்ட வளவில அமைதியே வரல்லையாம், வடக்கால அடிச்ச காத்து மெல்ல மெல்ல வயல் பக்கம் திரும்பி மேற்கால அடிச்சு பிறகுதான் தெற்குக்குப் போச்சாம். வயல் பக்கம் எண்டது மேற்கு. மையம் இவங்களுக்கு வடக்கால போயிருக்கு எண்டு அர்த்தம், பெத்தாட கதையோட பொருந்துது. ரெண்டு பேரும் ஆளை ஆள் அறியாதவங்க, ஆனா ரெண்டு பேர்ட ஞாபகத்தையும் சேர்த்து வச்சா சூறாவளி போன பாதை தெரியுது. எனக்குச் சரியான சந்தோசம், மாஸ்டருக்கும்தான், கொப்பியில கீறிக் கீறிக் காட்டினார்.

பிறகு காரைதீவு, அங்கால மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் 26 இந்த வீதியிலதான் மத்ரஸாப் பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போன உழவு இயந்திரம் வெள்ளத்தில அடிபட்டுப் போனது. இப்ப ரெண்டு பக்கமும் வயல், புழுதி விதைப்புக்கு மண் பிரட்டிக் கிடக்கு, வெயில். இந்த இடத்தில இறங்கி நிக்க வேணும் எண்டு இருந்திச்சு, நிண்டன்.

ஒரு விசயம் சொல்லணும். அந்த வெள்ளத்தை எல்லாரும் ஃபெங்கல் புயல் எண்டுதான் சொல்றம். ஆனா எங்கட கரையோடு அது போகேக்க அதுக்கு ஃபெங்கல் எண்ட பேரே இல்ல. காத்து மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினாத்தான் சூறாவளி எண்டு பேர் வைப்பாங்க, அதுக்குக் கீழ எல்லாம் தாழமுக்கம். எங்களைத் தாண்டி வடக்க போய்த்தான் அது சூறாவளியாகி, நவம்பர் 30 புதுச்சேரிக்குக் கிட்டக் கரையேறினது. இஞ்ச அது வெறும் ஆழ்ந்த தாழமுக்கம், மெதுவா நகர்ந்த தாழமுக்கம், அந்த மெதுவிலதான் அம்பாறையும் மட்டக்களப்பும் நாள்கணக்கில மழையில கிடந்தது. 2011 ஜனவரி வெள்ளத்துக்கு சூறாவளியே தேவைப்படல்ல, வாடை மழை மட்டும்தான், பத்து லட்சம் பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க, கூடுதலா எங்கட ரெண்டு மாவட்டமும்தான். அதால "இது சூறாவளி இல்லையாம், தாழமுக்கம் மட்டும்தானாம்" எண்டு ஆறுதலா கதைக்கிறதைக் கேட்டா எனக்குக் கோவம் வருது. காத்து ஓட்டைத்தான் எடுக்கும், இப்பத்த வீடுகள் கல்வீடு, கொங்கிறீட்டு. தண்ணிதான் ஆளை எடுக்குது. தாழமுக்கம் எண்டு கேட்டா உடனே கேக்க வேண்டியது எவ்வளவு வேகம் எண்டில்ல, எவ்வளவு மெதுவா நகருது, முகத்துவாரம் திறந்து கிடக்கா, எந்த வீதியால ராவையில போகக்கூடாது, இதுகளைத்தான். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.

செவ்வாய், ஒலுவில்

துறைமுகத்தைப் பார்க்க வந்தன். 2013ல திறந்தது. வாய்க்குள்ள மண் வந்து சேர்ந்துகொண்டே இருக்கு, வடக்குப் பக்கமா கரையைக் கடல் தின்னுது, தென்னை வேர் வெளிய தெரிய நிக்கிறதைக் கண்டன். காத்தைப் பத்தி எழுதுற பயணத்தில இது எதுக்கு எண்டா, கரை மண்ணும் காத்தோடதான் நடக்குது. தெற்கால வாற அலை மண்ணை வடக்க கொண்டு போகும், வாடை அலை தெற்க கொண்டு போகும், வருஷக் கடைசியில கணக்குப் பார்த்தா வடக்க போறதுதான் கூட. நடுவில கல்லைப் போட்டுத் தடுத்தா தெற்குப் பக்கம் மண் சேரும், வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மண் வராது.

கரையில நிண்ட காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருத்தர், தோணிக்காரர், அவர்ட வாப்பாட காலத்தில மீன் வாடி இருந்த இடம் எண்டு கடலுக்குள்ள கையைக் காட்டினார். கனதூரம் உள்ளுக்க. "தம்பி, மண் எங்க போகுதெண்டு எங்களுக்குத் தெரியும், எங்களிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பம்" எண்டார்.

புதன், சங்கமன்கண்டி, அறுகம்பை

திருக்கோவில்ல கோயிலைக் கும்பிட்டுட்டு, தம்பிலுவில்ல சாப்பிட்டுட்டு, சங்கமன்கண்டி. இலங்கையின்ட ஆகக் கிழக்கு முனை இது. ஆள் நடமாட்டம் குறைவு, பழைய வெளிச்சவீடு சுனாமியோட போயிட்டு.

இஞ்ச வந்தா ஒரு கேள்வி வரும். வங்காள விரிகுடாவுக்கு நேரே நீட்டிக்கொண்டு நிக்கிற கரை, ஆனா ஏன் ஆந்திராவுக்கும் ஒடிசாவுக்கும் வாற அளவுக்கு எங்களுக்குச் சூறாவளி வாறல்ல? காரணம் நாங்க பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறம், பொத்துவில் 7 பாகைக்கும் கீழ. சூறாவளியைச் சுத்த வைக்கிறது பூமி சுத்துற விசை, ரேகைக்குக் கிட்ட அது பலமில்ல, 5 பாகைக்குள்ள சூறாவளி எழும்புறது மிச்சம் அருமை. எழும்பினதும் மெல்ல மெல்ல வடமேற்காத் திரும்பிடும். 2000 டிசம்பர்ல வந்தது திருகோணமலைப் பக்கம், 2020 டிசம்பர்ல புரவியும் திருகோணமலைக்கு வடக்கால. அருமையா வாறது எண்டதே ஒரு ஆபத்து, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வாறதை அடுத்த தலைமுறை மறந்திடும். 78க்குப் பிறகு பிறந்தவங்களுக்கு இப்ப பேரப்பிள்ளையே இருக்கும்.

அறுகம்பையில சேர்ஃபிங் சீசன் முடியுற நேரம், போர்ட் வாடகைக் கடைகள் சாமான் கட்டுது. இந்த அலை எங்கட காத்தால வாறதில்ல! தெற்க, இந்து சமுத்திரத்தின்ட தென்கோடியில, அங்கத்தய குளிர்காலப் புயலில எழும்புற அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து இஞ்ச முறியுது. அதே நேரம் எங்கட கச்சான் கரையில இருந்து எதிரா அடிக்கிறதால அலை சிதறாம அழகா நிமிர்ந்து நிக்கும். வாடை வந்தா ரெண்டும் மாறிடும், அலை குழம்பும், சேர்ஃபிங்காரங்க தெற்குக் கரைக்குப் போயிடுவாங்க.

வியாழன், பொத்துவில்

காலம்பற நாலரைக்குக் கரைக்குப் போனன், போட்டுகள் இறங்குது. ஒரு மெல்லிய காத்து வடக்கால, பத்து நிமிசம் இருக்கும், பிறகு இல்ல. வாடையா எண்டு கேட்டன், இன்னும் இல்லையாம், கார்த்திகை பிறந்தாத்தான் பார்க்கலாமாம்.

இதை வாசிக்கிற மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களிட்ட ஒண்டு கேக்கிறன். உங்கட வீட்டில 78ஐ நேரே கண்டவங்க இருந்தா, இந்தக் கிழமைக்குள்ள இருத்திக் கேளுங்க. எந்த ஊர், முதல் காத்து எந்தப் பக்கத்தால வந்தது, எந்தச் சுவர் முதல் விழுந்தது, நடுவில நிண்டதா, நிண்டா எவ்வளவு நேரம், பிறகு எந்தப் பக்கத்தால வந்தது, கடல் ஊருக்குள்ள ஏறினதா. பெத்தாவும் மாஸ்டரும் சொன்ன ரெண்டு கதையிலயே இவ்வளவு தெரிஞ்சா, வாகரையில இருந்து திருக்கோவில் வரைக்கும் ஊருக்கு ஒண்டு கிடைச்சா, அண்டு ராவு எந்த ஊருக்கு எப்பிடி அடிச்சது எண்டு ஒரு படமே கீறலாம். அந்தப் படத்தை நான் கீறித் தாறன், ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலயும் ஒட்டலாம். அவங்களில கனபேருக்கு எழுபது எண்பது வயசாச்சு, வாடை பிடிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு, ஆனபடியா பிறகு பார்ப்பம் எண்டு விடாம எழுதி அனுப்புங்க.